‘நான்தான் வெள்ளைக்காரன் இல்லையே மேடம், எனக்கு எதுக்கு இந்தப் பயிற்சி?’

செமஸ்டர் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, மறுபடியும் அதே மாதிரிப் புகார் என் மேசைக்கு வந்துவிட்டது. நம் ஊர்க்காரர், நன்றாகப் படித்தவர், புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர். முதல் தேர்வில் வகுப்பு சரியாகச் செய்யவில்லை. “நான் முன்னாடி இருந்த யுனிவர்சிட்டியில் இப்படி ஒரு பேப்பரைப் பார்த்ததே இல்லை. உங்க ஆட்களுக்கு அடிப்படையே சரியில்லை” என்று மாணவர்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். அவர்கள் எழுத்து மூலம் புகார் கொடுத்துவிட்டார்கள். விசாரணைக்கு வந்தபோது அந்த ஆசிரியர் என்னிடம் கேட்டதைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறேன். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், எங்கள் வேலையில் அது கட்டாயம்.)

அமெரிக்கத் தென்மாநிலம் ஒன்றில், கறுப்பின மக்களின் கல்விக்காகத் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும், இனம் முதலியவற்றால் பாகுபாடு காட்டாமல் நடந்துகொள்வது பற்றிப் பயிற்சி நடத்தும் பிரிவில் இருக்கிறேன். இப்படிப்பட்ட பல்கலைக்கழகங்களை எச்.பி.சி.யு. (Historically Black Colleges and Universities) என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1964க்கு முன், கறுப்பினத்தவரின் கல்வியை முதன்மை நோக்கமாகக் கொண்டு நிறுவப்பட்டவை என்று 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் இவற்றை வரையறுக்கிறது. நாடு முழுக்க ஏறத்தாழ 100 இருக்கின்றன. எம்.எஸ். படிக்கவும் ஆசிரியர் வேலைக்கும் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இங்கெல்லாம் வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கேள்விக்கு வருகிறேன். எத்தனையோ முறை பதில் சொல்லியாயிற்று, இன்னும் தீரவில்லை. அவர்கள் போடும் கணக்கு இதுதான்: இனவெறி என்பது வெள்ளையர் கறுப்பரிடம் காட்டுவது, இங்கே பெரும்பான்மை கறுப்பர், நானோ மாநிறம், ஆகவே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஐயா, உங்கள் தோலின் நிறத்தை யாரும் கேட்கவில்லை. மதிப்பெண் போடும் பேனா உங்கள் கையில் இருக்கிறது. அந்தப் பேனாவை வைத்துக்கொண்டு ‘உங்க ஆட்கள்’ என்று சொன்னால், சொன்னவர் எந்த நாட்டிலிருந்து வந்தவராக இருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு அது ஒரே சொல்தான். பள்ளியில் கேட்டது, கடையில் கேட்டது, போலீஸ் வண்டியை ஓரங்கட்டச் சொன்னபோது கேட்டது. அது காதில் விழாத ஓர் இடம் என்று நம்பித்தான் அவன் இங்கே வந்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன். நீங்கள் இந்த நாட்டுக்கு எப்படி வந்தீர்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள். 1946இல் இந்தியர்களுக்கு ஒதுக்கப்பட்ட குடியேற்ற ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர். நாடு பார்த்து ஆள் எடுக்கும் அந்த முறையை ஒழித்த குடியேற்றச் சட்டம் வந்தது 1965இல். இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைச் சட்டம் 1964இல், வாக்குரிமைச் சட்டம் அதே 1965இல். இவை தனித்தனியாக வானத்திலிருந்து விழவில்லை. 1960 பிப்ரவரி 1ஆம் தேதி கிரீன்ஸ்பரோவில், வெள்ளையருக்கு மட்டும் பரிமாறும் உணவு மேடையில் போய் உட்கார்ந்து எழ மறுத்த நான்கு முதலாண்டு மாணவர்கள் நார்த் கரோலைனா ஏ அண்டு டி என்ற எச்.பி.சி.யு.வில் படித்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் அடிவாங்கித் திறந்த கதவு வழியாகத்தான் நாம் உள்ளே வந்தோம். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு அடிப்படை இல்லை என்று சொல்ல நமக்கு வாய் எப்படி வருகிறது?

‘எல்லாரும் ஒரே ஆட்கள்தானே’ என்பதும் தவறு. எச்.பி.சி.யு.க்களில் படிப்போரில் ஏறத்தாழ நாலில் ஒருவர் கறுப்பரல்லாதவர். மேற்கு வர்ஜீனியாவின் புளூஃபீல்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பெரும்பான்மையே வெள்ளையர்தான். மோர்ஹவுஸ் கல்லூரியில் 2008ஆம் ஆண்டு வகுப்பின் முதல் மாணவராகத் தேறியவர் ஒரு வெள்ளையர். எந்த இனத்தவரையும் இனத்தைக் காட்டித் தடுக்கச் சட்டமும் இடம் தராது. கறுப்பினத்தவருக்குள்ளும் அடிமை வரலாற்றிலிருந்து வந்த குடும்பங்கள், நைஜீரியாவிலிருந்து நேற்று வந்தவர்கள், ஜமைக்காக்காரர்கள் என்று வேறுபாடுகள் உண்டு. சிவந்த நிறத்துக்கு ஒரு மதிப்பு, அடர்ந்த நிறத்துக்கு ஒரு மதிப்பு என்ற பழைய நோயும் உண்டு. பழுப்புக் காகிதப் பையைவிடத் தோல் கறுத்திருந்தால் கறுப்பினத்தவரின் சங்கங்கள் சிலவற்றிலேயே சேர்க்காத காலம் ஒன்று இருந்தது. பெண் பார்க்கும் விளம்பரம் படித்து வளர்ந்த நமக்கு இதை மேலே விளக்க வேண்டியதில்லை.

சமத்துவத் திட்டம், ஈக்விட்டி என்றெல்லாம் நாங்கள் பேசுவதில் பாதிக்கு மேல் பணம். இதைப் புரிந்துகொள்ளாதவருக்கு எந்தப் பயிற்சியும் ஏறாது. அரசு நிலம் கொடுத்துப் பல்கலைக்கழகங்கள் உருவாக்கிய 1862ஆம் ஆண்டு மோரில் சட்டத்தின் பலன் தெற்கே கறுப்பருக்குப் பெரும்பாலும் கிடைக்கவில்லை. 1890இல் இரண்டாவது சட்டம் வந்தது: கறுப்பரைச் சேர்த்துக்கொள், இல்லையென்றால் அவர்களுக்குத் தனியாக ஒன்று நடத்து. மாநிலங்கள் தனியாக நடத்தின, ஆனால் பட்டினி போட்டு நடத்தின. ஒன்றிய அரசு தரும் பணத்துக்கு ஈடாக மாநிலமும் தர வேண்டும் என்பது விதி. வெள்ளையருக்காகத் தொடங்கப்பட்டவற்றுக்கு முழுசாகத் தருவார்கள்; இவற்றுக்கு விலக்கு வாங்கிக்கொண்டு குறைப்பார்கள். 2023 செப்டம்பரில் ஒன்றியக் கல்வித் துறையும் வேளாண் துறையும் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதின. முப்பது ஆண்டுகளில் விடுபட்ட தொகை 1,200 கோடி டாலருக்கு மேல் என்று கணக்குக் காட்டின. டென்னஸி ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் ஏறத்தாழ 210 கோடி. மேரிலாந்தில் நான்கு எச்.பி.சி.யு.க்களுக்காக 2006இல் போட்ட வழக்கு 2021இல்தான் 57.7 கோடி டாலருக்குச் சமரசமானது.

ஆய்வகத்தில் கருவி பழசாக இருக்கிறதே, ஹாஸ்டலில் இடம் போதவில்லையே என்று வந்த முதல் வாரமே முகம் சுளிப்பவர்கள் இந்தக் கணக்கைப் படியுங்கள். நிர்வாகத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் குறையை எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறீர்கள் என்பது முக்கியம்.

‘இந்தப் பயிற்சியைத்தான் அரசாங்கமே நிறுத்திவிட்டதாமே’ என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. டெக்சஸில் எஸ்.பி. 17 சட்டம் 2024 ஜனவரி 1 முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்முகத்தன்மை அலுவலகங்களைத் தடைசெய்கிறது. பிரெய்ரி வியூ, டெக்சஸ் சதர்ன் என்ற இரண்டு எச்.பி.சி.யு.க்களும் அதற்குள் அடக்கம். அலபாமாவிலும் அதே ஆண்டு அக்டோபரில் இதுபோன்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் அந்த 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும் பல்கலைக்கழகங்களுக்கான வேளாண் துறை உதவித்தொகையையே நிறுத்திவைத்து, எதிர்ப்புக்குப் பின் திரும்பத் திறந்தார்கள். நிறத்தாலும் பாலினத்தாலும் உடல் குறைபாட்டாலும் பாகுபாடு காட்டக் கூடாது என்ற ஒன்றியச் சட்டங்கள் அப்படியேதான் இருக்கின்றன. அலுவலகத்தின் பெயர்ப்பலகை போனால் உங்கள் பொறுப்பு போய்விடாது.

பயிற்சி என்ற பெயரில் நடப்பது எல்லாம் நல்லது என்றும் சொல்ல மாட்டேன். வெள்ளையர் நிறைந்த கம்பெனிகளுக்காகச் செய்த ஸ்லைடுகளை அப்படியே கொண்டுவந்து, ‘கூட்டத்தில் நீங்கள் ஒருவர் மட்டும் கறுப்பர் என்று கற்பனை செய்யுங்கள்’ என்று கேட்ட வெளிநிறுவனப் பயிற்சியாளரைப் பார்த்திருக்கிறேன். அறையில் இருந்த துப்புரவுப் பணியாளர் அக்காக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு இதில் கற்பனை செய்ய என்ன இருக்கிறது? ஒரு நாள் கட்டாயப் பயிற்சியால் நிறுவனங்களில் பெரிய மாற்றம் வருவதில்லை, வழிகாட்டி ஒருவரை இணைத்துவிடுவது அதைவிட நன்றாக வேலை செய்கிறது என்று சமூகவியலாளர்கள் பிராங்க் டாபினும் அலெக்ஸாண்ட்ரா கலெவும் பல ஆண்டுத் தரவுகளிலிருந்து காட்டியிருக்கிறார்கள். என் அனுபவமும் அதுவே. கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடாதீர்கள். மூத்த ஆசிரியர் ஒருவரை வழிகாட்டியாகக் கேட்டு வாங்குங்கள்.

இனி, வரப்போகிறவர்களுக்கு. ‘அமெரிக்காவில் எல்லாரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடணும்’ என்று யாரோ சொன்னதை இங்கே கொண்டுவராதீர்கள். துறை அலுவலகத்தில் இருக்கும் அறுபது வயது அம்மாவை அவரே சொல்லும்வரை ‘மிஸ்’ சேர்த்துத்தான் அழைக்க வேண்டும். 1963இல் அலபாமா நீதிமன்றத்தில் மேரி ஹாமில்டன் என்ற போராளியை அரசு வழக்கறிஞர் வெறும் ‘மேரி’ என்று அழைத்தார். வெள்ளைப் பெண்களுக்குக் கொடுத்த ‘மிஸ்’ அவருக்கு இல்லை. அப்படி அழைத்தால் பதில் சொல்ல மாட்டேன் என்றார். நீதிமன்ற அவமதிப்பு என்று தண்டித்தார்கள். 1964இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. அந்த நினைவோடு வளர்ந்தவர்கள் இன்னும் இங்கே வேலை செய்கிறார்கள். யாரை ‘வாடா’ என்றும் யாரை ‘வாங்க’ என்றும் கூப்பிட்டார்கள் என்பது நம் ஊரில் பிறந்தவருக்குத் தெரியாததா?

தலைமுடியைத் தொட்டுப் பார்க்காதீர்கள், கேட்டுவிட்டுக்கூட வேண்டாம். பாட்டில் வருகிறதே என்று கறுப்பரைக் குறிக்கும் அந்த இழிசொல்லைச் சேர்ந்து பாடாதீர்கள். அவர்கள் முன்னால் அவர்களைப் பற்றித் தமிழில் பேசாதீர்கள். மொழி புரியாவிட்டாலும் பார்வை புரியும். அவர்கள் பேசும் ஆங்கிலத்தைப் பிழை என்று திருத்தக் கிளம்பாதீர்கள், அதற்குச் சொந்த இலக்கணம் உண்டு என்பது மொழியியலில் எப்போதோ முடிந்த விஷயம். கட்டுரையில் பொது ஆங்கிலம் வேண்டுமென்றால் அதை மட்டும் கேளுங்கள், காரணம் சொல்லிக் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அறை பகிர வந்த பையனிடம் ‘எந்த ஊரு, நீங்க என்ன ஆளுங்க’ என்று துருவுவதை நிறுத்துங்கள். இதுவும் இப்போது எங்கள் பயிற்சியில் இருக்கிறது, கொண்டுவந்தது நாம்தான். பின்னாளில் மோர்ஹவுஸின் தலைவரான பெஞ்சமின் மேஸ் 1936-37இல் இந்தியா வந்தபோது, மைசூர்ப் பகுதியில் தீண்டப்படாதோர் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர் அவரை மாணவர்களுக்குச் சிறப்படைந்த ஒரு தீண்டப்படாதவர் என்று அறிமுகப்படுத்தினார். முதலில் அதிர்ந்து கோபப்பட்டவர், யோசித்தபோது அது உண்மை என்று உணர்ந்ததாக எழுதினார். அவர் ஒரு நாளில் கண்டுகொண்ட உறவை, இங்கே வந்து ஆண்டுக்கணக்காக இருந்தும் நம்மில் பலர் காணவில்லை.

பெற்றோர்களே, அட்மிஷன் வந்ததும் எனக்குப் போன் போட்டு ‘அங்கே சேஃப்தானே மேடம்’ என்று மட்டும் கேட்கிறீர்கள். துறைக்கு அங்கீகாரம் இருக்கிறதா, உதவித்தொகை எத்தனை செமஸ்டருக்கு, வழிகாட்டி யார் என்று கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பல்கலைக்கழகம் எந்த ஆண்டு, யாரால், எதனால் தொடங்கப்பட்டது என்பதை உங்கள் பிள்ளை விமானம் ஏறும் முன் படித்துவிட்டு வரட்டும்.