‘சஸ்டெய்னபிள்’ என்றால் நிலையானதா, வளங்குன்றாததா?

அக்டோபர் 2 கிராம சபை. வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊருக்குப் பக்கம் எங்கள் ஊர் ஊராட்சி அலுவலகத்துக்கு எதிரே புங்கமரத்தடியில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தோம். தீர்மானங்களை வரிசையாக வாசித்துக்கொண்டு வந்த செயலர், ‘நீடித்த நிலையான வளர்ச்சி இலக்குகள்’ என்ற இடத்துக்கு வந்ததும் முன்னால் இருந்த ஆயா ஒருவர் நிறுத்தினார். “இன்னா தம்பி அது, இன்னொரு தபா சொல்லு.” அவரும் மறுபடி வாசித்தார். ஆயா தலையை ஆட்டிக்கொண்டார், ஆனால் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அந்த முகம்தான் என்னை இந்தச் சொல்லைத் தேட வைத்தது.

ஆங்கிலத்தில் ‘சஸ்டெய்னபிள்’ என்பதைத்தான் ‘நீடித்த நிலையான’ என்று போட்டிருக்கிறார்கள். அதிலுள்ள ‘சஸ்டெய்ன்’ என்பதற்கு வேர் லத்தீன். ‘சப்’ என்றால் கீழே, ‘டெனேரே’ என்றால் பிடிப்பது. இரண்டும் சேர்ந்தால் கீழே இருந்து தாங்கிப் பிடிப்பது, அவ்வளவுதான். ஆனால் இன்று நாம் சொல்லும் பொருள் காட்டிலிருந்து வந்தது. 1713-ல் ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் சுரங்க நிர்வாகத்தில் இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் என்பவர், சுரங்கத்துக்கும் உலைக்கும் மரம் வெட்டி வெட்டிக் காடே தீர்ந்துவருவதைப் பார்த்து, வளர்கிற அளவுக்குத்தான் வெட்ட வேண்டும் என்று எழுதினார். அப்புறம் ஐ.நா. அமைத்த புருண்ட்லான்ட் ஆணையம் 1987-ல், இன்றைக்கு நமக்கு வேண்டியதை எடுக்கும்போது நாளைக்கு வருகிறவர்களுக்கு வேண்டியதைக் கெடுக்காத வளர்ச்சி என்று விளக்கம் கொடுத்தது. அதற்குப் பிறகுதான் உலகம் முழுக்க இந்தச் சொல் பரவியது.

தமிழில் இதற்குப் பல சொற்கள் ஓடுகின்றன. நிலையான, நீடித்த, பேண்தகு. இலங்கையில் நிலைபேறான அபிவிருத்தி என்கிறார்கள். நம் அரசு ஆவணங்களில் நீடித்த, நிலையான இரண்டையும் சேர்த்தே போடுகிறார்கள். எனக்கு இவற்றில் ஒரு குறை தெரிகிறது. எவ்வளவு காலம் இருக்கும் என்பதைத்தான் இவை சொல்கின்றன, எது குறையக்கூடாது என்பதைச் சொல்வதில்லை. ஒரு குடும்பத்தின் கடன்கூட நீடித்தும் நிலையாகவும் இருக்கும்.

‘வளங்குன்றா வளர்ச்சி’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், என் ஓட்டு அதற்குத்தான். இது புதிதாகக் கட்டிய சொல் கிடையாது. குறளில், ‘நாடு’ அதிகாரத்தில், 736-வது குறள்: “கேடறியாக் கெட்ட இடத்தும் வளங்குன்றா நாடென்ப நாட்டின் தலை.” குன்றுதல் என்றால் குறைதல், சுருங்குதல். கேடு வராத நாடு, வந்தாலும் வளம் சுருங்காத நாடு, அதுதான் நாடுகளில் தலையானது. ‘கெட்ட இடத்தும்’ என்ற சொல்லை இரண்டு முறை படியுங்கள். நன்றாக மழை பெய்த வருஷத்தில் ஏரி நிறைந்திருப்பது பெரிய விஷயம் இல்லை, பெய்யாத வருஷத்திலும் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளத்தையும் பார்த்தோம், அதற்கு முன்னால் ஆண்டுக்கணக்கில் அதே ஆறு வெறும் மணலாகக் கிடந்ததையும் பார்த்தோம், அதனால் இந்தக் குறளுக்கு எங்கள் பக்கம் உரை தேவையில்லை.

அடுத்த குறளிலேயே ‘இருபுனல்’ வருகிறது. மேல்நீர், நிலத்தடிநீர் இரண்டையும் சேர்த்து ஒரே சொல். இன்னொன்று, ‘நாடு’ என்றதும் டெல்லியை நினைத்துவிடக் கூடாது. சோழர் காலக் கல்வெட்டுகளில் நாடு என்பது சில ஊர்கள் சேர்ந்த ஒரு பகுதி. வேலூர் வட்டாரமே படுவூர்க் கோட்டத்துப் பங்களநாடு என்றுதான் வரும். வளம் குன்றாமல் பார்க்கிற வேலை பக்கத்தில் இருப்பவர்களின் வேலையாகத்தான் இருந்திருக்கிறது. உத்திரமேரூரில் ஏரி வாரியம் என்று தனியாகவே வைத்திருந்தார்கள்.

இதோடு ஒட்டி வரும் இன்னொரு சொல் ‘லோ எமிஷன்’. எமிஷன் என்றால் வெளியே அனுப்புவது, தமிழில் உமிழ்வு. இங்கே, பூமியைச் சூடாக்கும் வாயுக்களை வெளியே விடுவது. சிலர் புகை என்றே எழுதிவிடுகிறார்கள், அது போதாது. தண்ணீர் தேங்கி நிற்கும் கழனியில் மண்ணுக்குக் காற்று போகாமல் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கும், அதில் புகையே கிடையாது. அதைக் குறைக்க மேட்டுக்குடி வழி எதுவும் வேண்டாம், ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ போதும். மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரியும்வரை காயவிட்டு அப்புறம் தண்ணீர் விடுவது. தண்ணீரும் மிச்சம், மீத்தேனும் குறைவு.

உமிழ்வை எங்கள் ஊரில் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் மேல்நிலைத் தொட்டியிடம் போங்கள். தண்ணீர் விடுகிறவர் காலை ஐந்து மணிக்கு மோட்டாரைப் போடுவார். திறந்த கிணறாக இருந்தபோது அரை மணி ஓடினால் தொட்டி நிறைந்தது. இப்போது ஆழ்துளைக் கிணறு. தண்ணீர் கீழே போகப்போகக் குழாய் இன்னும் இரண்டு இறக்கினார்கள், மோட்டாரையும் பெரிதாக மாற்றினார்கள், ஓடும் நேரமும் கூடிப்போனது. மின்கட்டணம் ஏறுகிறது, அந்த மின்சாரத்துக்காக எங்கேயோ நிலக்கரி எரிகிறது. நீர்வளம் குன்றினால் உமிழ்வு கூடுகிறது. இரண்டும் ஒரே குழாயில் இருக்கிறது.

இதைச் சரிசெய்கிற இடம் ஊராட்சிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம் சேர்த்த பதினோராம் அட்டவணையில் 29 துறைகள் உள்ளன. சிறுபாசனம், நீர்மேலாண்மை, சமூகக் காடுகள், எரிபொருளும் தீவனமும், மரபுசாரா எரிசக்தி எல்லாம் அதில் வருகின்றன. ஆனால் அட்டவணையில் இருப்பது வேறு, கையில் இருப்பது வேறு. 40 ஹெக்டேருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி நீர்வளத்துறையிடம், அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்திடம். ஏரிக்கரையில் குடியிருக்கிற ஊராட்சி ஒரு மதகைச் சரிசெய்யக்கூட மனு எழுத வேண்டியிருக்கிறது. இது மாற வேண்டும்.

ஊராட்சிக்கு அதிகாரம் கொடுத்தால் செய்வார்களா என்று கேட்பவர்களுக்குக் கோவை மாவட்டத்து ஓடந்துறையைச் சொல்வேன். 2006-லேயே அந்த ஊராட்சி வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக நிறுவியது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், இங்கேயே நாகநதியில் உறைக்கிணறு போலச் செறிவூட்டும் கிணறுகளை நூறு நாள் வேலைப் பெண்கள்தான் இறக்கினார்கள். மழைநீர் ஓடிப்போகாமல் உள்ளே இறங்கியது, சுற்றியிருந்த கிணறுகளில் தண்ணீர் ஏறியது.

நவம்பர் 1 கிராம சபைக்கு ஆயா மறுபடி வந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன், “ஆயா, அன்னிக்குக் கேட்டீங்களே, வளம் குன்றாம வளர்றதுன்னு அர்த்தம்.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் செயலரைப் பார்த்து, “அப்போ குன்றுதா இல்லையான்னு எப்டிப்பா தெரியும்? பழைய கெணத்துல தண்ணி எத்தினி அடியில கீதுன்னு மாசாமாசம் இந்தச் செவுத்துல எழுதி வை” என்றார். அது அன்றைய ஏழாவது தீர்மானமாகப் பதிவானது. தண்ணீர் விடுகிறவர் கயிற்றில் கல் கட்டி அளந்துவந்து, தொட்டி கழுவிய தேதிக்குக் கீழே சுண்ணாம்பால் எழுதுகிறார்.