அளவுத்திருத்தத்தில் திருத்தம் எங்கே இருக்கிறது?

இரத்த அழுத்தமானி ஒன்றின் பயனர் கையேடு மெய்ப்புப் பார்ப்பதற்காக என்னிடம் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் 'அளவுத்திருத்தம்'. அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்துவிட்டேன். கடைசியில் இப்படி ஒரு வரி: "அளவுத்திருத்தம் செய்த பின்னும் கருவி தவறாகக் காட்டினால் திருத்தம் செய்யவும்." அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. திருத்தியாகிவிட்டது, இன்னும் தவறாகக் காட்டுகிறது, ஆகவே திருத்தவும் என்றால் படிப்பவர் என்னதான் செய்வார்?

மூலத்தில் குழப்பமே இல்லை. அங்கே இருப்பவை இரண்டு வேறு சொற்கள். முதலாவது கேலிபரேஷன், இரண்டாவது அட்ஜஸ்ட்மென்ட். இரண்டையும் 'திருத்தம்' என்ற ஒரே சட்டிக்குள் போட்டுக் கிளறியது மொழிபெயர்ப்பாளரின் கைவண்ணம். அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கலைச்சொல் பட்டியல்களில் தேடினாலும், இயந்திர மொழிபெயர்ப்பைக் கேட்டாலும் முதலில் வந்து நிற்பது இந்த அளவுத்திருத்தம்தான்.

சரி, கேலிபரேஷன் என்றால் என்ன? மதிப்பு நன்றாகத் தெரிந்த ஓர் அளவையோடு உங்கள் கருவி காட்டும் எண்ணை வைத்துப் பார்ப்பது. இரண்டுக்கும் எவ்வளவு வேறுபாடு, அந்த வேறுபாட்டை எவ்வளவு உறுதியோடு சொல்ல முடியும் என்று எழுதித் தருவது. அவ்வளவுதான். 20 கிலோ படிக்கல்லை மின்னணுத் தராசில் வைத்தால் 20.006 என்று காட்டுகிறது. சான்றிதழில் 'பிழை 6 கிராம் கூடுதல், நிச்சயமின்மை 2 கிராம்' என்று எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். வேலை முடிந்தது. தராசு அப்படியே திரும்பி வருகிறது. நாளைக்கும் 6 கிராம் கூட்டியே காட்டும். ஆனால் எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். ஐந்து நிமிடம் முந்தி ஓடும் சுவர்க்கடிகாரத்தை வைத்துக்கொண்டே ரயிலைத் தவறவிடாத வீடுகள் உண்டு அல்லவா, அதுபோல.

திருகைத் திருப்பியோ மென்பொருளில் எண்ணை மாற்றியோ கருவியைச் சரியாகக் காட்டவைப்பது அட்ஜஸ்ட்மென்ட். அது அடுத்த வேலை. தேவைப்பட்டால் மட்டும் செய்வது. செய்தால் மறுபடி முதலிலிருந்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அளப்பதைப் பற்றிய அறிவியலான அளவியலின் பன்னாட்டுச் சொற்றொகுதி இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று குறிப்பே எழுதி வைத்திருக்கிறது.

பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேலிபர் என்பது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. துப்பாக்கிக் குழலின் உள்விட்டம் என்று பொருள். அதற்கு முன் இத்தாலியம், அதற்கும் முன் அரபியில் காலிப், அதாவது வார்ப்பு அச்சு. அரபிச் சொல்லுக்கும் மூலம் செருப்புத் தைப்பவர் வைத்திருக்கும் பாத வடிவக் கட்டையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் என்பது பரவலான கருத்து. அந்தக் கிரேக்கச் சொல்லைப் பிரித்தால் மரம், கால். அப்படியே தமிழில் சொன்னால் மரக்கால்! நம் மரக்கால் நெல் அளப்பது. இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை, உடனே யாரும் உலகமொழிகளெல்லாம் தமிழிலிருந்து வந்தன என்று கிளம்பிவிட வேண்டாம். நமக்கு வேண்டியது ஒன்றுதான். அச்சு, குழல், கட்டை என்று எந்தக் கட்டத்திலும் இந்தச் சொல்லில் திருத்துவது என்ற பொருள் இருந்ததாகத் தெரியவில்லை. ஒன்றை இன்னொன்றோடு பொருத்திப் பார்ப்பதுதான் இருக்கிறது.

இனி அளவுத்திருத்தத்துக்கு வருகிறேன். 'சொல் எதுவானால் என்ன, புரிந்தால் போதும்' என்பார்கள். புரியவில்லை என்பதுதான் என் வழக்கே. எனக்குத் தெரிந்த ஒருவர் தராசைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார். திரும்பி வந்த தராசு முன்பு காட்டிய அதே எண்ணையே காட்டியது. 'திருத்தத்துக்குத்தானே பணம் கட்டினேன்' என்று சண்டைக்குப் போய்விட்டார். அவர் கையில் இருந்த தாளில் அளவுத்திருத்தச் சான்றிதழ் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவர் பக்கம் நியாயம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? அந்தச் சான்றிதழுக்குள்ளேயே 'திருத்தம்' என்று ஒரு கட்டமும் இருந்ததுதான் வேடிக்கை. கருவி காட்டும் எண்ணோடு கூட்டிக்கொள்ள வேண்டிய, அல்லது கழித்துக்கொள்ள வேண்டிய தொகைக்கு அளவியலில் பெயரே திருத்தம். அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. இன்னொரு வேலைக்கு அதையே இழுத்தால் 'அளவுத்திருத்தத்தில் கண்ட திருத்தத்தைத் திருத்திய பின் மீண்டும் அளவுத்திருத்தம்' என்றுதான் எழுத வேண்டிவரும். நான் மிகைப்படுத்தவில்லை, இதற்குப் பக்கத்தில் வரும் வாக்கியங்களைப் படித்திருக்கிறேன்.

நாடுகள் தங்கள் மூல அளவைகளை எப்படி நடத்தின என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். 1875 மே 20 அன்று பாரிஸில் மீட்டர் உடன்படிக்கை கையெழுத்தானது. 1889-இல் பிளாட்டினம் இரிடியம் கலப்பால் ஆன கிலோகிராம் படிகள் உறுப்பு நாடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அமெரிக்காவுக்குப் போனது 20-ஆம் எண் படி. சரியாக 1 கிலோவா? இல்லை, 39 மைக்ரோகிராம் குறைவு. அதை யாரும் உருக்கிச் சரிசெய்யவில்லை. '1 கிலோ, அதில் 39 மைக்ரோகிராம் கழிக்க' என்று எழுதித் தந்தார்கள். அந்த நாட்டின் எடையெல்லாம் அந்தக் குறையுள்ள கல்லை நம்பித்தான் நூறாண்டுக்கு மேல் நடந்தது. பிறகு பல நாட்டுப் படிகளை பாரிஸுக்கு அருகே இருந்த, கிலோவுக்கே வரையறையாக இருந்த மூலப் படியோடு மீண்டும் ஒப்பிட்டபோது, சுமார் நூறு ஆண்டில் 50 மைக்ரோகிராம் அளவுக்கு விலகல் தெரிந்தது. விலகியது படிகளா மூலமா என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்போதும் யாரும் அரத்தை எடுக்கவில்லை, குறித்துக்கொண்டார்கள். அந்தக் குறிப்புகள் எழுப்பிய கவலையும் சேர்ந்துதான் 2019 மே 20 முதல் கிலோகிராம் உலோகக் கட்டியை விட்டு பிளாங்க் மாறிலி என்ற மாறாத இயற்பியல் எண்ணுக்கு மாறியது. ஒவ்வொரு முறையும் 'திருத்திக்கொண்டே' வந்திருந்தால் விலகல் இருந்ததே தெரிந்திருக்காது.

குறளில் வரும் கட்டளைக்கல்லும் இதையே செய்கிறது. "பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்." உரைகல் பொன்னைப் புடம் போடுவதில்லை, மாற்றைக் காட்டிக்கொடுப்பதோடு சரி. புடம் போடுவது வேறொருவர் வேலை.

அன்றாடத்தில் இதெல்லாம் எங்கே வருகிறது என்று கேட்கலாம். வராத இடம் குறைவு. உங்கள் தராசு ஒரு சோதனைக்கூடத்தின் படிக்கல்லோடும், அந்தக் கல் மேல்நிலைச் சோதனைக்கூடத்தின் கல்லோடும், அது நாட்டின் அளவியல் நிறுவனத்தோடும் ஒப்பிடப்படுகிறது. இந்தியாவுக்கு அந்த நிறுவனம் புது தில்லியில், பிரிட்டனுக்கு டெடிங்டனில், ஜெர்மனிக்கு பிரவுன்ஷ்வைக்கில். இந்தச் சங்கிலி இருப்பதால்தான் ஒரு நாட்டில் கடைந்த தண்டு இன்னொரு நாட்டில் கடைந்த தாங்கிக்குள் தட்டாமல் போய் உட்காருகிறது. எரிபொருள் பம்பும் மின்மானியும் வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் பொதுவான எண்ணைச் சொல்கின்றன. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது மருத்துவர் எழுதிய அளவும் உடலில் விழும் அளவும் ஒன்றாக இருக்கின்றன. செயற்கைக்கோள் வழிகாட்டியில் கடிகாரம் ஒரு நானோநொடி பிசகினால் தூரத்தில் 30 செண்டிமீட்டர் பிசகும். 1999-இல் பல நாடுகளின் அளவியல் நிறுவனங்கள் ஒருவர் சான்றிதழை மற்றவர் ஏற்பதாக உடன்பாடு செய்துகொண்டன. அதனால் சரக்கு துறைமுகம் மாறும்போதெல்லாம் அதே சோதனையை மறுபடி மறுபடி செய்ய வேண்டிய தேவை பெருமளவு குறைந்தது. இத்தனையிலும் கைமாறுவது திருத்தப்பட்ட கருவியல்ல, ஒப்பிட்டு எழுதிய தாள்.

மற்ற போட்டியாளர்களையும் பார்த்துவிடலாம். 'தரப்படுத்தல்' வேண்டாம், அது வரிசையில் நிறுத்துவது. 'அளவீடு செய்தல்' என்றால் வெறுமனே அளப்பது. 'அளவுகோடிடல்' அழகான சொல், கண்ணாடி வெப்பமானியில் கோடு கிழித்த காலத்துக்குப் பொருந்தியும் இருந்தது. இன்றைய எண்திரைக் கருவியில் எந்தக் கோட்டை இடுவது?

என் தேர்வு 'அளவொப்பீடு'. தராசை அளவொப்பிட்டோம், அளவொப்பீட்டுச் சான்றிதழ், அளவொப்பீட்டுக் கூடம் என்று வினையாகவும் பெயராகவும் வளைகிறது. ஒப்பீடு என்பது எல்லாருக்கும் தெரிந்த சொல். 'நிச்சயமின்மை இதில் எங்கே?' என்று ஒரு நண்பர் கேட்டார். வரையறை முழுவதையும் ஒரே சொல்லில் அடைக்க முடியாது ஐயா, மூலச் சொல்லிலேயே செருப்புக் கட்டைதானே இருக்கிறது. பேச்சில் 'ஒத்துப்பார்ப்பது' என்றாலே போதும். கணக்கை ஒத்துப்பார்க்கிறோம், படியை மூலத்தோடு ஒத்துப்பார்க்கிறோம். தொழில்நுட்பர்கள் கேலிபரேஷன் என்றே சொல்கிறார்கள், அதிலும் எனக்கு வருத்தமில்லை. தவறான தமிழைவிடச் சரியான கடன்சொல் மேல் என்று நினைப்பவன் நான். தூயதமிழ் அன்பர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கைப்பேசித் திசைகாட்டியையும் கணினித் திரையின் வண்ணத்தையும் 'கேலிபரேட்' செய்யச் சொல்லும்போது உண்மையில் சரிசெய்யத்தான் சொல்கிறார்கள். ஆங்கிலத்திலேயே அங்கே பேச்சு வழக்கு தளர்ந்துவிட்டது. அந்த இடத்தில் 'சரிசெய்க' என்று எழுதிவிட்டுப் போகலாம். சொல்லைப் பார்த்துப் பெயர்க்காமல் செயலைப் பார்த்துப் பெயர்த்தால் இதில் சிக்கலே இல்லை. ஆனால் அதற்குக் கருவியை ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும்! ஒரு மொழிபெயர்ப்பில் தராசுகளுக்குச் சான்றிதழ் தருவது வானிலை ஆய்வு நிறுவனம் என்று இருந்தது. மெட்ராலஜியை மீட்டியராலஜி என்று படித்திருக்கிறார்கள், அளவியல் மழைக்குப் போய்விட்டது.

ஒப்பிடுவதற்கான மூல அளவையை ஆங்கிலத்தில் ஸ்டாண்டர்ட் என்பார்கள். அதைத் 'தரம்' ஆக்கி 'தேசிய அளவைத் தரங்கள்' என்பதும் அதே ரகம். தரம் என்றால் நம் காதில் விழுவது நல்லது, கெட்டது. 'தரத்தின் தரம்' என்று எழுதும் நிலை வருகிறது. இலங்கைத் தமிழர் 'நியமம்' என்கிறார்கள், வடசொல்தான், ஆனால் குழப்பம் இல்லை. 'செந்தரம்' என்று சிலர் எழுதுகிறார்கள், அதுவும் சரியே. தராசிலிருந்து நாட்டின் மூல அளவை வரை போகும் சங்கிலித் தொடர்பைக் குறிக்கும் டிரேசபிலிட்டி என்ற சொல்லைத் 'தடமறிதிறன்' ஆக்கியிருப்பதைப் பார்த்தால் மோப்ப நாய் நினைவுக்கு வருகிறது. 'மூலத்தொடர்ச்சி' என்றால் போதாதா?

அந்தக் கையேட்டில் பன்னிரண்டு இடங்களில் அளவொப்பீடு என்று மாற்றி, காரணத்தையும் ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. எங்கள் சொல்வங்கியில் அளவுத்திருத்தம் என்றுதான் உள்ளது, தயவுசெய்து திருத்தவும்.