இருமலுக்கு முன்பே தெரியும் நிழல்

"இரண்டு வாரங்களுக்கு மேல் இருமலா? சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்" என்ற வாசகத்தை அரசு மருத்துவமனைச் சுவர்களில் காணாதவர்கள் குறைவு. அந்தக் கேள்வி ஒரு சல்லடை. காசநோய் இருக்கக்கூடியவரை மற்றவரிடமிருந்து முதற்கட்டமாகப் பிரித்தெடுக்க அதற்குக் கருவியோ மின்சாரமோ தேவையில்லை என்பதால்தான் இத்தனை ஆண்டுகளாக அது நிலைத்திருக்கிறது. ஆனால் அந்தச் சல்லடையின் கண்கள் மிகப் பெரியவை. 2019 முதல் 2021 வரை இந்தியா முழுவதும் நடந்த தேசியக் காசநோய்ப் பரவல் ஆய்வில், 15 வயதும் அதற்கு மேலும் உள்ள அனைவரிடமும் அறிகுறிகளைக் கேட்டறிந்ததோடு, நடமாடும் வண்டியில் மார்பு எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். சளிப் பரிசோதனையில் நோய் உறுதியானவர்களுள் 42.6 சதவீதம் பேர் எக்ஸ்ரேயால் மட்டுமே அகப்பட்டவர்கள். எக்ஸ்ரே இல்லாதிருந்தால், நோயோடு அவர்கள் வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள்.

இருமல் இல்லாமல் நுரையீரலில் நோய் இருப்பது எப்படி? காற்றில் மிதந்து வரும் காசநோய்க் கிருமி நுரையீரலின் காற்றறையை அடைந்ததும், வெள்ளையணுக்கள் அதைச் சூழ்ந்து ஒரு முடிச்சாகக் கட்டிவிடுகின்றன. பெரும்பாலானோருக்கு அந்தக் கட்டு வாழ்நாள் முழுவதும் அவிழ்வதில்லை. சிலருக்கு மட்டும் அது தளர்ந்து கிருமி பெருகத் தொடங்க, அழற்சி உண்டாகி, காற்று நிரம்பியிருக்க வேண்டிய அறைகளில் நீரும் செல்களும் நிறைகின்றன. நுரையீரல் திசுவுக்கு வலியை உணரும் நரம்புகள் இல்லை. தேவைக்கு மேல் திறனும் அதற்கு இருப்பதால், ஒரு மூலை பழுதானாலும் மூச்சு வாங்குவதில்லை. உடலுக்கு உரியவர் எதையும் உணராத இந்தக் கட்டத்திலேயே எக்ஸ்ரே அந்த மாற்றத்தைப் பார்த்துவிடும்.

அது பார்க்கும் விதம் எளிமையானது. காற்று எக்ஸ் கதிர்களைத் தடுப்பதில்லை என்பதால், நலமான நுரையீரல் படத்தில் கருமையாக விழுகிறது. எலும்பும் இதயமும் கதிர்களைத் தடுத்து வெண்மையாகத் தெரிகின்றன. நீரும் செல்களும் நிறைந்த இடம் கருமைக்கு நடுவே வெண்திட்டாகத் தோன்றும். (மருத்துவர்கள் அதை 'நிழல்' என்று சொல்வது வேடிக்கையாகத் தோன்றலாம், எக்ஸ்ரே படம் நெகட்டிவ் என்பதால் உண்மையான நிழல் அங்கே வெள்ளையாகத் தெரிகிறது.) பெரியவர்களிடம் இந்தத் திட்டு பெரும்பாலும் நுரையீரலின் மேற்பகுதியில் அமையும், அங்கே ஆக்சிஜன் அளவு அதிகம் என்பது அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். நோய் முற்றும்போது திட்டின் நடுப்பகுதி செத்து, பாலாடைக்கட்டி போலாகி, மூச்சுக்குழாய் வழியே வெளியேறிவிட, அந்த இடத்தில் ஒரு குழி எஞ்சுகிறது. தடித்த வெள்ளை வளையத்துக்குள் கருமையாகத் தெரியும் அந்தக் குழியில் கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும். நோய் பிறருக்குத் தாராளமாகப் பரவுவதும் அப்போதுதான். அந்த நிலைக்கு வருமுன் பிடிப்பதே ஊர்தோறும் எக்ஸ்ரே எடுப்பதன் நோக்கம்.

ஊரையே எக்ஸ்ரேயின் முன் நிறுத்துவது புதிய யோசனை அன்று. முழு அளவுப் படச்சுருள் விலை கூடியதாக இருந்த காலத்தில், 1936இல் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில் மனுவேல் டி அப்ரேயு என்ற மருத்துவர், ஒளிரும் திரையில் விழும் மார்பின் உருவத்தைச் சாதாரணப் புகைப்படக் கருவியால் சிறிய படச்சுருளில் பிடிக்கும் முறையைக் கொண்டுவந்தார். செலவு சரிந்ததும் உலகெங்கும் எக்ஸ்ரே வண்டிகள் புறப்பட்டன. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1957ஆம் ஆண்டின் மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஐந்தே வாரங்களில் 7 லட்சத்துக்கும் அதிகமானோர் வரிசையில் நின்று படமெடுத்துக்கொண்டார்கள். இந்தியாவிலும் 1955 முதல் 1958 வரை நடந்த தேசிய மாதிரி ஆய்வு இதே சிறுபட முறையைத்தான் நம்பியிருந்தது.

அப்புறம் ஏன் அந்த வண்டிகள் காணாமல் போயின? அதற்கான விடையின் ஒரு பகுதி நம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. கர்நாடகத்தின் தும்கூரில் 1960களின் தொடக்கத்தில் நடந்த ஓர் ஆய்வு, நோயாளிகளில் பெரும்பாலோர் தம் அறிகுறிகளை அறிந்தே இருந்தார்கள் என்றும், பாதிக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே மருத்துவ உதவி நாடிச் சென்று, இருமல் மருந்தோடு திருப்பி அனுப்பப்பட்டிருந்தார்கள் என்றும் காட்டியது. வாசலுக்கு வருபவரையே கண்டுபிடிக்காத மருத்துவமனை, ஊருக்குள் வண்டியை அனுப்புவானேன் என்ற கேள்வி நியாயமானது. 1974இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் கண்மூடித்தனமான கூட்டு எக்ஸ்ரேயைக் கைவிடச் சொன்னது. அன்றைய செலவுக்கும் பழுதாகி நின்ற வண்டிகளுக்கும் அது பொருத்தமான முடிவுதான். ஆனால் அறிகுறியே இல்லாதவர்களை அது ஐம்பது ஆண்டுகளுக்குக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டது என்பதே என் கருத்து.

இனிக் கணக்கைப் பார்ப்போம். தேசிய ஆய்வின்படி, 15 வயதைக் கடந்தவர்களில் லட்சத்துக்கு 316 பேருக்கு நுரையீரல் காசநோய் இருக்கிறது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் தொகுத்த மதிப்பீடுகளின்படி, இரண்டு வார இருமல் என்ற கேள்வி நோயுள்ளவர்களில் 42 சதவீதத்தினரைப் பிடிக்கும். எக்ஸ்ரேயில் எந்த மாறுதல் தெரிந்தாலும் எடுத்துக்கொள்வது என்றால் 94 சதவீதத்தினரைப் பிடிக்கும், நோயற்றவர்களில் 89 சதவீதத்தினரைச் சரியாக விலக்கும். அப்படியானால் ஒரு லட்சம் பேரில் இருமல் கேள்வி சுமார் 133 நோயாளிகளையும் எக்ஸ்ரே சுமார் 297 நோயாளிகளையும் கண்டெடுக்கும். ஆனால் அந்த 297 பேருடன், நோயற்ற ஏறத்தாழ 11,000 பேரின் படங்களும் 'மாறுதல்' என்று ஒதுக்கப்படும். நாற்பது பேர் சந்தேகப் பட்டியலில் இருந்தால், அவர்களில் ஒருவருக்குத்தான் நோய். (அந்த 94 சதவீதமும் சற்றே தாராளமானது: அறிகுறியும் மாறுதலும் இல்லாதவர்களின் சளியைப் பரவல் ஆய்வுகள் வழக்கமாகச் சோதிப்பதில்லை என்பதால், அங்கே தப்பியவர்கள் கணக்கில் வருவதில்லை.)

இவ்வளவு பிழைக்குக் காரணம், எக்ஸ்ரே கிருமியைப் பார்ப்பதில்லை, கிருமி செய்த சேதத்தைத்தான் பார்க்கிறது என்பதே. பழைய காசநோயின் தழும்பு, நிமோனியா, கல் உடைப்பவரின் நுரையீரலில் படிந்த சிலிக்காத் தூசு, புற்றுநோய் என எல்லாமே வெண்திட்டுகளாகத் தோன்றக்கூடும். ஆகவே எக்ஸ்ரேயை வைத்து எவருக்கும் காசநோய் என்று சொல்லிவிட முடியாது. யாருடைய சளியைச் சோதிக்க வேண்டும் என்பதைத்தான் அது சொல்கிறது. கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் மூலக்கூறு பரிசோதனையே நோயை உறுதிசெய்கிறது. அந்தப் பரிசோதனை விலை கூடியது என்பதால், அதற்கு முன்னால் இப்படியொரு சல்லடை தேவைப்படுகிறது.

சல்லடையைப் பிடிக்கும் கையும் இப்போது மாறியிருக்கிறது. சில கிலோ எடையே உள்ள, மின்கலத்தில் இயங்கும் எக்ஸ்ரே கருவிகளைத் தோளில் சுமந்தே கிராமத்துக்குள் கொண்டுபோகலாம். ஒருமுறை படமெடுப்பதால் சேரும் கதிர்வீச்சு, இயற்கையிலிருந்து சில நாட்களில் நம்மேல் படும் அளவுதான். படத்தை வாசிக்க ஊர்தோறும் கதிரியக்க மருத்துவர் கிடைக்காத குறையைக் கணினி நிரல்கள் நிரப்புகின்றன. ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய அந்த நிரல், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மதிப்பெண் இடுகிறது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மனித வாசிப்பாளருக்குப் பதிலாக இதைப் பயன்படுத்தலாம் என்று 2021இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. எந்த மதிப்பெண்ணுக்கு மேல் சளி கேட்பது என்பதை மட்டும் நிரல் முடிவுசெய்வதில்லை. எல்லையைத் தாழ்த்தினால் ஆய்வகம் நிரம்பி வழியும். உயர்த்தினால் நோயாளிகள் தப்புவார்கள். முதியவர்களுக்கும் முன்பே காசநோய் வந்து குணமானவர்களுக்கும் நிரல் தேவையின்றி அதிக மதிப்பெண் கொடுக்கும் என்பதால், ஒரு நாட்டில் சரியாக அமைந்த எல்லை இன்னொரு நாட்டின் முதியோர் நிறைந்த கிராமத்துக்குப் பொருந்தாமல் போகலாம்.

இத்தனையும் கடந்து வந்தபின், முகாமில் ஓர் எளிய சிக்கல் காத்திருக்கிறது. படத்தில் மாறுதல் தெரிந்தவரிடம் ஒரு சிறிய குப்பியைக் கொடுத்துச் சளி துப்பித் தரச் சொல்கிறார்கள். இருமலே இல்லாதவரிடம் துப்புவதற்குச் சளி எங்கே இருக்கும்? பலர் எச்சிலைத்தான் தருகிறார்கள், அதில் கிருமி அகப்படுவது அரிது. உப்புநீர் ஆவியை உள்ளிழுக்கவைத்துச் சளியைத் தூண்டுவது ஒரு வழி. நாக்கை ஒரு பஞ்சுக்குச்சியால் தேய்த்துச் சோதிக்கும் முறையும் முயன்று பார்க்கப்படுகிறது. எதிலும் கிருமி தென்படாதவருக்கு, சில மாதங்கள் கழித்து மீண்டும் படமெடுத்து, அந்த வெண்திட்டு வளர்ந்திருக்கிறதா, அப்படியே இருக்கிறதா என்று பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.