டம்ப் ஏறிவிட்டது, டேட்டா சரியாக ஏறியதா?

மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் 5.7 பதிப்புக்கான ஆதரவு 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டது. பழைய சர்வரிலிருந்து 8.0-க்கோ 8.4-க்கோ மாறும் வேலை இன்னும் பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய டேட்டாவை டம்ப் என்ற கோப்பாக எடுத்து, புதிய சர்வரில் இம்போர்ட் செய்வதே வழக்கம். இம்போர்ட் பாதியில் நின்றால் பதற வேண்டாம்; எந்த வரியில், என்ன பிழை எண் என்று திரையிலேயே வந்துவிடும். ஒரு பிழையும் காட்டாமல் முடிந்த இம்போர்ட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

காரணம் டம்ப் கோப்பின் தலைப்பிலேயே இருக்கிறது. டம்ப் எடுக்கும் கருவியான மைஎஸ்கியூஎல்டம்ப் எழுதும் முதல் சில வரிகளில் ஒன்று, அந்த இணைப்புக்கு மட்டும் எஸ்கியூஎல் மோடை மாற்றி, தவறான டேட்டாவைப் பிழை காட்டி மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோடை அணைத்துவிடுகிறது. பழைய டேட்டா தடங்கலின்றி ஏறுவதற்கான ஏற்பாடு அது. ஆனால் நெடுவரிசையின் கேரக்டர் செட்டில் (அது ஏற்கும் எழுத்துகளின் தொகுப்பு) இல்லாத எழுத்து கேள்விக்குறியாகும். நீளம் மீறிய சொல் வெட்டுப்படும். இரண்டுக்கும் வெறும் எச்சரிக்கைதான். இம்போர்ட் செய்யும்போது ஷோ-வார்னிங்ஸ் ஆப்ஷனைச் சேர்த்து, வெளியீட்டை ஒரு கோப்பில் பிடித்துவையுங்கள். 0000-00-00 என்ற பூஜ்யத் தேதிகளும் இந்த வழியாகத்தான் உள்ளே வருகின்றன. இன்று ஏறிவிடும், அடுத்த மாதம் அந்த டேபிளின் அமைப்பை மாற்ற ஆல்டர் போடும்போது பிழை 1292 என்று முறைக்கும்.

தமிழ் டேட்டா உள்ளவர்கள் அதிகம் அடிபடுவது கேரக்டர் செட்டில். பழைய பிஎச்பி செயலிகள் பலவும் இணைப்பின் கேரக்டர் செட்டைச் சொல்லாமலே, மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லாட்டின்1 டேபிளில் தமிழின் யூடிஎஃப்8 பைட்டுகளைப் போட்டுவைத்திருக்கும். போட்டபடியே எடுத்ததால் திரையில் தமிழ் சரியாகவே தெரிந்தது. டம்ப் எடுக்கும்போது அந்த பைட்டுகளை லாட்டின்1 என்றே நம்பி, கருவி இன்னொரு முறை யூடிஎஃப்8 ஆக்கிவிடுகிறது. இதுதான் இரட்டைக் குறியாக்கம்.

கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், எண்ணிப் பாருங்கள். ‘தமிழ்’ என்ற சொல் யூனிகோடில் 5 குறியீடுகள், ஒவ்வொன்றும் 3 பைட். எழுத்துக் குறியீடுகளை எண்ணும் கேர்_லெங்த் 5, பைட்டுகளை எண்ணும் லெங்த் 15 என்று வந்தால் டேட்டா நலம். திரையில் கோளாறு தெரிந்தால் அது செயலியின் இணைப்பு அமைப்பில்தான். 15, 30 என்று வந்தால் இரட்டைக் குறியாக்கம், மீட்டுவிடலாம். 5, 5 என்றால் உள்ளே இருப்பது ஐந்து கேள்விக்குறிகள். அதை எந்தக் கட்டளையாலும் திருப்ப முடியாது. பழைய சர்வரிலிருந்து மறுபடி எடுப்பதே வழி. பழைய சர்வரை அவசரப்பட்டு அழிக்கக் கூடாது என்பது இதனால்தான்.

இரட்டைக் குறியாக்கத்துக்கு நல்ல மருந்து புதிதாக டம்ப் எடுப்பது. டிஃபால்ட்-கேரக்டர்-செட்டை லாட்டின்1 என்று கொடுத்து, கூடவே ஸ்கிப்-செட்-கேர்செட் சேர்த்து எடுங்கள். கோப்பில் டேபிள் உருவாக்கும் வரிகளில் உள்ள லாட்டின்1-ஐ யூடிஎஃப்8எம்பி4 ஆக்கி, இம்போர்ட்டுக்கும் அதையே கொடுங்கள். புதிய சர்வரில் ஆட்கள் ஏற்கெனவே பதிவிடத் தொடங்கிவிட்டால், நெடுவரிசையை லாட்டின்1-க்கு கன்வர்ட் செய்து, பைனரியாக காஸ்ட் செய்து, யூடிஎஃப்8எம்பி4-க்குத் திரும்ப கன்வர்ட் செய்யலாம். ஆனால் கெட்டுப்போன வரிசைகளில் மட்டும். சரியான தமிழ் வரிசை மேல் இதை ஓட்டினால் நல்லதும் கேள்விக்குறியாகிவிடும்.

மற்றவை சத்தம் போடும் ரகம். 1273 வந்தால், 8.0-இல் எடுத்த டம்ப்பைப் பழைய சர்வரில் ஏற்றுகிறீர்கள்; 8.0-இன் 0900 கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) அதற்குப் புரியவில்லை. 1231 வந்தால், 8.0-இல் நீக்கப்பட்ட நோ_ஆட்டோ_கிரியேட்_யூசர் என்ற எஸ்கியூஎல் மோடு, டம்ப்பில் ட்ரிகரோடு (டேபிள் மாறும்போது தானே இயங்கும் நிரல்) ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சொல்லை எடுத்தால் போதும். 1153 அல்லது 2006 என்றால் பெரும்பாலும் ஒரே தடவையில் அனுப்பும் டேட்டாவின் உச்ச அளவான மேக்ஸ்_அலோவ்ட்_பாக்கெட். சர்வரில் அதன் இயல்பு அளவு 5.7-இல் 4 எம்பி, 8.0-இல் 64 எம்பி. சர்வர், கிளையன்ட் இரண்டிலும் உயர்த்த வேண்டும். முதல் வரியிலேயே ‘தெரியாத கட்டளை’ என்று நின்றால், அது மைஎஸ்கியூஎல்லிலிருந்து பிரிந்த மரியாடிபி டேட்டாபேஸில் 2024 மே மாதத்துக்குப் பின் எடுத்த டம்ப்பாக இருக்கும். சாண்ட்பாக்ஸ் என்ற சொல் வரும் அந்த முதல் வரியை மட்டும் நீக்குங்கள். பலரின் கணினியில் இருக்கும் எக்ஸ்ஏஎம்பிபி (XAMPP) தொகுப்புக்குள் இருப்பதும் மரியாடிபிதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. விண்டோஸ் பவர்ஷெல் 5.1-இல் ‘>’ அம்புக்குறி போட்டு டம்ப் எடுத்தால் கோப்பு யூடிஎஃப்16 ஆகிவிடும். ரிசல்ட்-ஃபைல் ஆப்ஷனைப் பயன்படுத்துங்கள்.

பிழை வந்தாலும் தொடரச் சொல்லும் ஃபோர்ஸ் ஆப்ஷனைப் போட்டு எதையும் தாண்டாதீர்கள். விடுபட்ட டேபிள் எது என்று தேடுவது, பிழையைத் திருத்துவதைவிடப் பெரிய வேலை.

சரிபார்ப்புக்கு இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் வரிசை எண்ணிக்கை காட்டும் டேபிள்_ரோஸ் உதவாது; மைஎஸ்கியூஎல்லின் வழக்கமான சேமிப்பு முறையான இன்னோடிபியில் அது தோராயம். இரு சர்வர்களிலும் ஒவ்வொரு டேபிளுக்கும் கவுண்ட் எடுங்கள். வியூ, ப்ரொசீஜர், ட்ரிகர் ஒவ்வொன்றையும் ஒருமுறை இயக்குங்கள். அவற்றை உருவாக்கியவராகப் பதிவான டிஃபைனர் பயனர் புதிய சர்வரில் இல்லாவிட்டால் 1449 அப்போதுதான் தலைகாட்டும். விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு வருபவர்கள், டேபிள் பெயர்களில் பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டைத் தீர்மானிக்கும் லோவர்_கேஸ்_டேபிள்_நேம்ஸை இன்ஸ்டால் செய்யும் முன்பே முடிவு செய்ய வேண்டும். 8.0-இல் சர்வரை முதன்முதலில் இனிஷியலைஸ் செய்தபின் அதை மாற்ற வழியில்லை.