சிம்லாவுக்கு யாரும் வர வேண்டாம்

2018 மே மாதக் கடைசியில் சிம்லா மக்கள் சமூக ஊடகங்களில் ஒரு வேண்டுகோள் விடுத்தார்கள்: தண்ணீர் இல்லை, சுற்றுலாவுக்கு இப்போது இங்கே வராதீர்கள். சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் ஊர், சீசன் உச்சத்தில் இருக்கும்போது தன் விருந்தாளிகளைத் தடுக்கிறது என்றால் நிலைமை எவ்வளவு முற்றியிருக்க வேண்டும்!

தேவதாரு மரங்கள் சூழ்ந்த மலைக்குத் தாகமா? சிம்லா உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்த்தால் விடை கிடைக்கும். ஊர் நீண்ட மலைமுகட்டின் மேல் இருக்கிறது. முகட்டின் ஒரு சரிவில் விழும் மழை சட்லெஜ் வழியாக அரபிக்கடலை நோக்கிப் போகிறது. மறு சரிவில் விழுவது யமுனையில் சேர்ந்து வங்கக்கடலுக்குப் போகிறது. ஊருக்கென்று எதுவும் தங்குவதில்லை. ஆகவே, பள்ளத்தாக்கு ஓடைகளிலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேல் பம்புகளால் நீரை ஏற்ற வேண்டியிருக்கிறது. கும்மா நீரேற்று நிலையம் செய்வது இந்த வேலையைத்தான்.

கோடையில் அந்த ஓடைகளை உயிரோடு வைத்திருப்பவை ஊற்றுகள். கொட்டும் மழை சரிவில் சில மணி நேரத்தில் ஓடி மறைந்துவிடும். பனியோ வாரக்கணக்கில் படுத்துக் கிடந்து, சொட்டுச் சொட்டாக உருகிப் பாறை வெடிப்புகளுக்குள் இறங்குகிறது. பிறகு மெதுவாக ஊற்றாகக் கசிகிறது. 2017-18 குளிர்காலத்தில் மழையும் பனியும் குறைந்தன. வறட்சி அப்போதே தொடங்கிவிட்டது. குழாய் காய்ந்தது மே மாதத்தில்.

சமவெளி 40 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும் அதே வாரங்களில்தான் கூட்டமும் மலையேறுகிறது. ஓடை மெலியும்போது தேவை உச்சத்துக்குப் போகிறது. இதில் இன்னொரு கொடுமை: நகருக்கு நீர் தந்துவந்த அஸ்வனி கட் ஓடையில் கழிவுநீர் கலந்து, 2015-16இல் நகரில் மஞ்சள் காமாலை பரவியதால் அந்த நீர் நிறுத்தப்பட்டிருந்தது. நல்ல ஆண்டிலேயே கைவசம் இருந்தது குறைவு.

2018இல் விநியோகம் ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. மக்கள் நள்ளிரவிலும் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். கோடை விழா தள்ளிப்போனது. அரசுப் பள்ளிகளுக்குச் சில நாள் விடுமுறை விடப்பட்டது. பெரிய ஹோட்டல்கள் லாரித் தண்ணீர் வாங்கிச் சமாளிக்கலாம். டாக்சி ஓட்டுநரும் சுமை தூக்குபவரும் என்ன செய்வார்கள்? சீசன் சம்பாத்தியம்தான் அவர்களுக்குக் குளிர்காலச் சோறு.

சட்லெஜிலிருந்து நீரேற்றும் திட்டம் பின்னர் வந்தது. அதுவும் கீழிருந்து மேலே தூக்குவதுதான். அதோடு, ஜனவரியில் எவ்வளவு பனி விழுந்தது, மார்ச்சில் ஊற்றுகள் எப்படி இருக்கின்றன என்று அளந்து, மே மாதத்துக்கு எத்தனை அறைகளை முன்பதிவுக்குத் திறக்கலாம் என்பதை அப்போதே தீர்மானிக்க வேண்டும் என்பேன்.