உங்க ஊர் மண் அணை, அணைப் பாதுகாப்பு சட்டத்துல வருமா?

சின்ன மண் அணைதானே, இதுக்கெல்லாம் என்ன சட்டம் இருக்கப்போகுதுன்னு நிறைய பேர் விட்டுடுறாங்க, ஆனா அணைப் பாதுகாப்பு சட்டம் 2021 டிசம்பர் 30ல இருந்தே நாடு முழுக்க அமல்ல இருக்கு. 15 மீட்டருக்கு மேல உயரம்னா நேரா உள்ள வந்துடும். 10ல இருந்து 15 மீட்டர்னா, கரை நீளம் 500 மீட்டர், கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டர், அதிகபட்ச வெள்ளம் வினாடிக்கு 2,000 கன மீட்டர், இதுல ஏதாவது ஒண்ணைத் தொட்டாலே போதும், அஸ்திவாரம் ரொம்ப சிக்கலா இருந்தாலும் டிசைன் வழக்கமானதா இல்லாட்டியும் சேரும். உயரத்தை நாம பாக்குற தரையில இருந்து அளக்குறதில்லை, அஸ்திவாரத்தோட அடிமட்டத்துல இருந்து அளப்பாங்க, அதனால பாக்க குட்டையா தெரியுற கரை கூட கணக்குல வரலாம்.

வந்துட்டா பொறுப்பு முழுக்க அணை யாரோடதோ அவங்களுக்குத்தான். மழைக்காலத்துக்கு முன்னாடி ஒரு தடவை, முடிஞ்சதும் ஒரு தடவை ஆய்வு கட்டாயம், வெள்ளமோ நிலநடுக்கமோ வந்தா தனியா பாக்கணும். சட்டம் வந்து 5 வருஷத்துக்குள்ள, அதாவது 2026 கடைசிக்குள்ள, வெளி நிபுணர் குழுவை வச்சு முழு மதிப்பீடும் அவசரகால திட்டமும் முடிச்சிருக்கணும். மாநில அணைப் பாதுகாப்பு அமைப்பு இதையெல்லாம் கண்காணிக்கும்.

மண் அணைக்கு ரெண்டு எமன். ஒண்ணு கலிங்கு, அதாவது உபரி தண்ணி வெளியேறுற வழி, பத்தாம தண்ணி கரை மேல ஏறி வழியுறது, 1979ல குஜராத் மச்சு அணையில அப்படித்தான் மண்கரை உடைஞ்சு மோர்பி ஊரே அழிஞ்சுது. இன்னொண்ணு உள்ளுக்குள்ளயே மண்ணை அரிச்சுட்டு வர்ற கசிவு, முக்கியமா பாசனத்துக்கு தண்ணி விட கரைக்குள்ள போற மதகுக் குழாயை ஒட்டி. கரை அடியில தெளிவா, ஒரே அளவுல கசிஞ்சா கவனிச்சுட்டே இருக்கலாம், கலங்கலா வந்தா, இல்ல அளவு திடீர்னு கூடினா ஒரு நிமிஷம் கூட காத்திருக்காம பொறியாளருக்கு சொல்லணும். கரையில மரம் வளரவும் விடக்கூடாது, அது பட்டுப்போனா வேர் மக்கின இடமே தண்ணிக்கு வழியாயிடும்.

10 மீட்டருக்கு கீழன்னா இந்த சட்டம் தொடாது, எனக்கு இதுதான் பெரிய கவலை, ஏன்னா கரைக்கு கீழ வீடு இருந்தா குட்டை அணை உடைஞ்சாலும் உயிர் போகும். தமிழ்நாட்டு ஏரின்னா, ஆயக்கட்டு, அதாவது அதுல பாசனம் பெறுற நிலம், 40 ஹெக்டேருக்கு மேல இருந்தா பொதுவா நீர்வளத்துறை, கம்மின்னா ஊராட்சி ஒன்றியம், எதுன்னு தெரிஞ்சுக்கிட்டு கசிவு இருக்குற இடத்தை போட்டோவோட கிராம சபையில தீர்மானமா போடுங்க, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்லயும் மனு கொடுத்து ரசீதை வாங்கி வச்சுக்கோங்க.