ஓட்ஸ்தானே மேடம்?

போன வாரம் கடலூரிலிருந்து ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு புதுச்சேரிக்கு என்னிடம் உணவு ஆலோசனைக்கு வந்திருந்தார். சிறுமிக்குச் சீலியாக் நோய் என்று உறுதியாகி எட்டு மாதம் ஆகிறது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் இவர்கள் குடலைப் பாதிக்கும். வீட்டில் கோதுமை மாவு, ரவை, மைதா, சேமியா எதுவும் கிடையாது. பெருங்காயத்தைக்கூட நான் சொன்னபடி மாற்றிவிட்டார். (கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ இருக்கும். சொன்னால் யாரும் நம்புவதில்லை, டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்.) அப்படியும் வயிற்று உப்புசம் குறையவில்லை, ஹீமோகுளோபின் ஏறவில்லை, ரத்தத்தில் டிடிஜி (இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருள்) அளவு இறங்கவில்லை.

அரை மணி நேரம் துருவித் துருவிக் கேட்டும் பிடிபடவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் பசிக்கிறது என்று ஸ்கூல் பையைத் திறந்து ஒரு கிரானோலா பாரைப் பிரித்தாள். தினம் ஒன்றாம், இன்டர்வலுக்கு.

"பிஸ்கட் கூடாதுன்னீங்க, அதான் மேடம் இது. ஓட்ஸ்தானே? மைதா இல்லைன்னு பெருசாப் போட்டிருக்கான் பாருங்க."

இந்த மாதத்தில் இப்படிப் பாரோடு என்னிடம் வந்த மூன்றாவது ஆள் இவள்.

உறையை வாங்கிப் பின்பக்கம் படித்துக் காட்டினேன். ஓட்ஸ், தேன், பாதாம், அப்புறம் அரிசிப் பொரி. அந்தப் பொரிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பார்லி மால்ட் சாறு. கீழே தடித்த எழுத்தில், குளூட்டன் உள்ள தானியங்கள் அடங்கியது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். முன்பக்கத்தை மட்டும் படித்தால் எப்படி?

மைதா என்பதே தவிடு நீக்கிய கோதுமைதான். 'மைதா இல்லை' என்றால் முழுக் கோதுமை இருக்கலாம். 'கோதுமை இல்லை' என்றாலும் பார்லி இருக்கலாம், ரை இருக்கலாம். மல்டிகிரெய்ன் என்றால் பல தானியம். அதில் ஒன்று கோதுமையாக இருக்க எந்தத் தடையும் இல்லை. ஆர்கானிக்? கோதுமையும் ஆர்கானிக்காக விளையும். சர்க்கரை சேர்க்காதது, வீகன், நார்ச்சத்து மிகுந்தது என்பதற்கும் குளூட்டனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. உடம்புக்கு நல்லது என்கிறார்கள். யார் உடம்புக்கு?

சரி, ஓட்ஸ். அதில் கோதுமை குளூட்டன் இயல்பாகக் கிடையாது. ஆனால் வயலிலும் லாரியிலும் ஆலையிலும் கோதுமையோடும் பார்லியோடும் கலந்துவிடுகிறது. குளூட்டன் ஃப்ரீ என்று சோதித்து விற்கும் ஓட்ஸ்கூடச் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. டிடிஜி இறங்கும்வரை நான் அதையும் தருவதில்லை. பிறகும் வயிற்று டாக்டர் சொன்னால்தான்.

நீங்கள் தேட வேண்டிய சொல் 'குளூட்டன் ஃப்ரீ' ஒன்றுதான். எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதிப்படி அதற்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. 'குறைந்த குளூட்டன்' என்பது 100 வரை போகும், அது உங்களுக்கு இல்லை. கோதுமையும் கையாளும் இடத்தில் தயாரித்தது என்று போட்டிருந்தால் எடுத்த இடத்திலேயே வையுங்கள். புதுச்சேரியில் பேக்கரிக்கா பஞ்சம்? மைதா பறக்கும் அறையிலேயே செய்து, 'கோதுமை போடலீங்க' என்று சொல்லித் தரும் பாரை வாங்காதீர்கள். கேழ்வரகு அரைக்கிற மாவு மில்லும் அப்படித்தான், உங்களுக்கு முன்னால் அங்கே யார் கோதுமை அரைத்தார்களோ.

இன்னொரு சாரார் இருக்கிறார்கள். வயிறு சரியில்லை என்றதும் தாங்களாகவே சப்பாத்தியை நிறுத்திவிட்டுப் பிறகு டெஸ்டுக்கு வருவார்கள். ரத்தப் பரிசோதனையும் பயாப்ஸியும் குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியாகக் காட்டும். தயவுசெய்து, டெஸ்ட் முடியும்வரை நிறுத்தாதீர்கள். நம் பக்கம் இந்த நோய் வட இந்தியா அளவுக்கு இல்லை என்பதால் சந்தேகமே தாமதமாகத்தான் வருகிறது. அதிலும் ரிப்போர்ட் நார்மல் என்று வந்துவிட்டால் எங்கே போய்த் தேடுவது?

"அப்போ நாளைக்கு என்ன குடுக்கிறது?" என்றார் அந்த அம்மா. வேர்க்கடலையும் வெல்லமும் வாங்கி வீட்டிலேயே கடலை மிட்டாய், எள்ளுருண்டை. நேரமில்லாத நாளில் ஒரு வாழைப்பழம்.

மூன்று மாதம் கழித்து டிடிஜி பார்க்க வரச் சொல்லியிருக்கிறேன். ஸ்கூல் பையோடு.